குடைராட்டினம் நிற்காத சாயங்காலம்

குடைராட்டினம் என்று சொன்னால் நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் ஏறியிருப்பீர்கள். நடுவில் ஓர் இரும்புக் கம்பம். உச்சியில் விரித்த குடை மாதிரிக் கம்பிகள். கம்பிகளின் நுனியில் சங்கிலி கட்டித் தொங்கும் இருக்கைகள். கம்பம் சுற்றச் சுற்ற இருக்கைகள் வெளிப்பக்கமாக விரிந்து மேலே எழும். ஏறினவர்கள் தலைமுடி கலைந்து, சிரித்தபடி இறங்குவார்கள். நான் அப்படி இறங்கவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஓய்வு பெறும்வரை மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். சுழற்சி இயக்கம் பாடம் வருகிற வாரத்தில் எனக்குச் சரியாகத் தூக்கம் வராது. கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் புள்ளி வைத்து, புள்ளியிலிருந்து விளிம்புக்குக் கோடு இழுப்பதற்கு முன்னால் ஒரு தடவை மேஜையைப் பிடித்துக்கொள்வேன். பிள்ளைகள் பார்த்திருக்கலாம். யாரும் கேட்டதில்லை.

அந்தச் சித்திரை மாதம் எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர் சின்னமனூர்ப் பக்கம். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அம்மாவைப் பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் சித்திக்கு அக்காவும் அம்மாதான், ஆத்தாவும் அம்மாதான். சித்தி பத்தாவது வரை படித்தவள். இருபது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, நீளமான கழுத்து. சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள்.

சித்திக்கு ஒரு குறை இருந்தது. அப்படித்தான் வீட்டில் சொன்னார்கள். எப்போதாவது குனிந்து நிமிரும்போது, தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும்போது, அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு தடவை வாய்க்கால் கரையில் மயங்கி விழுந்து, நெற்றியில் அடிபட்டது. அம்மா அதை வெளியே யாருக்கும் தெரியவிடவில்லை. கேட்டால் வழுக்கி விழுந்தாள் என்பாள். வலிப்பு என்று ஊரில் ஒரு வாய் சொன்னால் போதும், அப்புறம் எவனும் பெண் கேட்டு வரமாட்டான் என்று அப்பாவிடம் அடுப்படியில் மெல்லிய குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

வருடங்கள் கழித்துத் தேனியில் ஒரு டாக்டரம்மா சித்தியின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்தம்மாவுக்கு ரத்தமே இல்லையே. என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியின் அடியில் இருப்பதைச் சாப்பிட்டவள் சித்தி. அதுதான் குறை. ஆனால் அது பின்னால் தெரிந்தது. அந்தச் சித்திரையில் அது ஒரு ரகசியம், அதைக் காப்பதில் எனக்கும் பங்கு இருந்தது.

கடமலைக்குண்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பருத்தி கமிஷன் கடை வைத்திருந்த குடும்பம். பெண் பார்க்க வீட்டுக்கு வந்து, பிடிக்காமல் போனால் இரண்டு பக்கமும் பேச்சாகிவிடும் என்று, முல்லையாற்றங்கரை அம்மன் கோயில் திருவிழாவில் எதேச்சையாகப் பார்த்துக்கொள்வது போல ஏற்பாடு செய்தார்கள். அந்தக் காலத்தில் நிறையக் கல்யாணங்கள் அப்படித்தான் நிச்சயமாகின.

திருவிழாத் திடல் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அக்கினிச்சட்டி தூக்கி வருகிறவர்களின் புகை, மிதிபட்ட வேப்பிலையின் கசந்த வாசம், ஈர மஞ்சள் சேலைகள், கரும்புச்சாறு பிழிகிற கடையில் மொய்க்கும் ஈக்கள். மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சித்தி அரக்குச் சிவப்பில் ஒரு சேலை கட்டியிருந்தாள். காலில் புதுச் செருப்பு, பச்சை வார் வைத்தது. அதை நடக்கும்போதெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா முதலில் எங்களைக் கண்டு, "அட, மதினி, நீங்களும் இங்கனயா?" என்றாள், எதிர்பாராதது போல. என் அம்மாவும் அதே மாதிரி வியந்தாள். அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் கரும்புச்சாறு கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். மாப்பிள்ளை பின்னால் நின்றார். வெள்ளைச் சட்டை, மீசை இன்னும் சரியாக அடர்த்தியாகவில்லை. சித்தியைப் பார்க்க வேண்டும், பார்ப்பதாகத் தெரியவும் கூடாது. பாவம், என்னைத்தான் பார்த்தார்.

"பாப்பா, ராட்டினம் சுத்துவமா?" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "உங்க சித்தியையும் கூட்டிக்க."

அம்மாவின் முகம் ஒரு நொடியில் வெளிறியதைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அவள் காரணம் தேடிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையின் அம்மா, "போகட்டும் மதினி. சின்னஞ்சிறுசுக. ரெண்டு வார்த்தை பேசிக்கட்டும்" என்றாள். மாப்பிள்ளை சீட்டு வாங்கப் போய்விட்டார். சீட்டுக் கொடுத்தது ராட்டினக்காரரின் மனைவி. இடுப்பில் துணிப்பை, கையில் ஒரு வேப்பங்குச்சி. வரிசையில் முண்டுகிற பையன்களின் காலில் அதால் தட்டுவாள்.

அம்மா என் ரிப்பனைச் சரிசெய்வது போலக் குனிந்தாள்.

"சித்தி கையப் புடிச்சுக்க. கண்ணு சொருகுற மாதிரி இருந்தா நறுக்குன்னு கிள்ளிவிடு. மயங்க விட்றாத. கீழ வந்தும் யாருகிட்டயும் சொல்லாத. கேக்குதா?"

கேட்டது. பயம் அப்போதே வந்துவிட்டது. ராட்டினம் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது.

இருக்கைகள் இரண்டு வரிசை. உள்வரிசையில் ஒற்றை இருக்கைகள், வெளிவரிசையில் இருவர் உட்காருகிற இரும்பு இருக்கைகள். நானும் சித்தியும் வெளிவரிசையில். எங்களுக்கு முன்னால் இருந்த இருக்கையில் மாப்பிள்ளை தனியாக. மடிக்கு முன்னால் ஒரு சங்கிலி, அதன் கொக்கியை ராட்டினக்காரர் வந்து மாட்டிவிட்டுப் போனார். அந்தக் கொக்கி தேய்ந்து வழவழவென்று இருந்தது.

கொஞ்சம் தள்ளி, தகரக் கொட்டகைக்குள் டீசல் இன்ஜின். அதிலிருந்து ஒரு நீளப் பட்டை கம்பத்தின் அடிக்குப் போனது. ராட்டினக்காரர் கைப்பிடியைப் போட்டுச் சுற்ற, இன்ஜின் இருமி, புகைவிட்டு, டுக் டுக் என்று பிடித்துக்கொண்டது. இருக்கை பின்னால் லேசாக இழுத்து, முன்னால் நகர்ந்தது.

முதல் சில சுற்று நன்றாகவே இருந்தது. காற்று வந்தது. கீழே பஞ்சுமிட்டாய் வண்டிக்குப் பக்கத்தில் அம்மா நின்றாள். ஒரு சுற்று வந்து அவளைக் கடக்கும்போது நான், "சித்தி, அந்தா அம்மா நிக்கிறாக, கையாட்டுறாக" என்று முழுசாகச் சொல்லி முடிப்பேன். சொல்லி முடித்து மூச்சு வாங்கும்போது அம்மா மறுபடி வருவாள்.

அப்புறம் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அம்மா வந்துவிட்டாள்.

அடுத்த சுற்றில் "சித்தி, அந்தா" என்பதற்குள் வந்தாள். அதற்கடுத்த சுற்றில் வாயைத் திறந்தபோதே வந்துவிட்டாள்.

இதைத்தான் நான் பின்னாளில் கரும்பலகையில் எழுதினேன். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கோணம் திரும்புகிறதோ அது கோணத் திசைவேகம். அந்த வேகம் சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போனால், கூடுகிற அந்த விகிதம் கோண முடுக்கம். பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டார்கள். எனக்கு அது, அம்மாவின் முகம் சீக்கிரம் சீக்கிரமாக வந்து வந்து போனதுதான். ஒரே வேகத்தில் எவ்வளவு நேரம் சுற்றினாலும் உடம்பு எப்படியோ பழகிக்கொள்ளும். கூடிக்கொண்டே போவதைத்தான் தாங்காது. இது எங்கே போய் நிற்கும் என்று அதற்குத் தெரியாது.

இன்ஜின் சத்தம் மாறியிருந்தது. டுக் டுக் என்ற தனித்தனி அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே நீளக் கூவலாகி, அது மேலே மேலே ஏறியது. கொட்டகையிலிருந்து வெள்ளைப் புகை கொப்பளித்தது. அந்த இன்ஜின் டீசலை விட்டுவிட்டுத் தன்னுடைய மசகு எண்ணெயையே உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். தேய்ந்த இன்ஜினுக்கு அப்படி நடக்கும். டீசல் குழாயை அடைத்தாலும் நிற்காது. எண்ணெய் குடிக்கிறது என்று ராட்டினக்காரருக்கு அன்றைக்குக் காலையிலேயே தெரியுமாம். திருவிழாக் கூட்டத்தை விட மனசு வரவில்லை.

இருக்கைகள் வெளியே விரிந்துகொண்டே போய், கடைசியில் நாங்கள் கிட்டத்தட்டப் பக்கவாட்டில் படுத்திருந்தோம். உடம்பை யாரோ இருக்கையோடு வைத்து அழுத்துவது போல இருந்தது. கன்னச் சதை ஒரு பக்கமாக இழுத்தது. உள்வரிசைப் பிள்ளைகளும் எங்களோடுதான் சுற்றினார்கள், ஒரு சுற்றுக்கு அவர்களுக்கும் அதே நேரம்தான். ஆனால் விளிம்பில் இருந்த நாங்கள் அதே நேரத்தில் அதிக தூரம் போக வேண்டும். எங்களுக்குக் கீழே மனிதர்கள் மனிதர்களாகத் தெரியவில்லை. மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு, விளக்குகளின் வெள்ளைக் கோடு. சித்தியின் புதுச் செருப்பு ஒன்று காலிலிருந்து கழன்று போனது. எங்கே போனது என்று திரும்பிக்கூடப் பார்க்க முடியவில்லை. அது கிடைக்கவே இல்லை.

நான் சித்தியின் கையைக் கிள்ளினேன். அவள் கண் சொருகவில்லை. இருந்தும் கிள்ளினேன். விட்டால் மயங்கிவிடுவாள், மயங்கினால் அந்தத் தேய்ந்த கொக்கி வழியே நழுவிப் போய்விடுவாள், அம்மா என்னைத்தான் கேட்பாள்.

"பாப்பா" என்றாள் சித்தி. காதோடு வாயை வைத்துச் சொன்னாள், அப்படியும் பாதிதான் கேட்டது. "கீழ பாக்காத. அவுக முதுகப் பாரு."

"யாரு?"

"முன்னால இருக்காகள்ல. அவுக முதுகையே பாரு. அது சுத்தாது."

பார்த்தேன். உண்மைதான். உலகம் முழுக்கக் கோடுகளாகக் கிழிந்து ஓடிக்கொண்டிருக்க, அந்த வெள்ளைச் சட்டை முதுகு மட்டும் எங்களுக்கு முன்னால் அப்படியே நின்றது. கிட்ட வரவில்லை, எட்டப் போகவில்லை. சட்டையில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு வியர்வைக் கறை இருந்தது. அதன் ஓரம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. எத்தனையோ நாள் தலைசுற்றலோடு குனிந்து வேலை பார்த்தவளுக்கு எதைப் பார்த்தால் நிற்கலாம் என்று தெரிந்திருந்தது.

அந்த முதுகு குலுங்க ஆரம்பித்தது.

முதலில் காற்று என்று நினைத்தேன். அப்புறம் சத்தம் வந்தது. காற்று அவர் பக்கமிருந்து எங்கள் பக்கம் வீசியதால் சிதறாமல் வந்தது. "அம்மா. அம்மா. என்னய எறக்கிவிடு. அம்மா." பெரிய ஆள், மீசை வைத்தவர், வாய்விட்டு அழுதார். என்னைப் பயம் மொத்தமாகப் பிடித்தது அந்த நொடியில்தான். அதுவரை, முன்னால் ஒரு பெரியவர் இருக்கிறார், ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு எங்கேயோ இருந்திருக்க வேண்டும்.

சித்தி அழவில்லை. என்னை இறுக்கிக்கொண்டு அவர் முதுகையே பார்த்திருந்தாள்.

கீழே அம்மா அப்போதும் கையாட்டிக்கொண்டுதான் இருந்தாள். "சிரிக்கிறீகன்னுல நெனச்சேன்" என்று பிற்பாடு ஆயிரம் தடவை சொன்னாள். கீழேயிருந்து பார்த்தால் பயந்து திறந்த வாயும் சிரித்துத் திறந்த வாயும் ஒன்றாகத்தான் தெரியும். எல்லா ராட்டினத்திலும்தான் எல்லோரும் கத்துகிறார்கள்.

பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். பட்டை கழன்று கொட்டகைத் தகரத்தில் அறைந்தது. ராட்டினக்காரர் ஈரச் சாக்கைச் சுருட்டி இன்ஜினின் காற்றுக் குழாய் வாயில் திணித்து, அதன்மேல் படுத்துக்கொண்டாராம். கூவல் இறங்கி, விக்கி, அடங்கியது.

இன்ஜின் நின்றுவிட்டது. ராட்டினம் நிற்கவில்லை.

இது எனக்கு அப்போது புரியவில்லை, கீழே நின்ற யாருக்கும் புரியவில்லை. இழுக்கிறது எதுவும் இல்லாதபோது ஏன் சுற்றுகிறது? அத்தனை இரும்பும் அத்தனை உடம்புகளும் ஒரு தடவை சுழலப் பழகிவிட்டால் நிறுத்துவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். காற்றும் அச்சின் உரசலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் மேலே கதறும்போது யார் காத்திருப்பார்கள்?

கம்பத்தின் அடியில் ஓர் இரும்பு வளையம் உண்டு. அதன்மேல் மரக்கட்டையை அழுத்துவதற்கு நீளமான கழி ஒன்று. அதுதான் பிரேக். அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் இன்னும் பல ஆண்களும் ஓடிப்போய் அந்தக் கழியில் விழுந்து அமுக்கினார்கள். ராட்டினக்காரர் சாக்கின் மேலிருந்து, "அமுக்காதீக, விட்டு விட்டுப் புடிங்க, அப்படியே அமுக்காதீக" என்று கத்தியிருக்கிறார். தன் இரும்பைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று நினைத்து, யாரோ அவரை உதைத்தார்கள்.

கட்டை தீய்ந்த வாடை மேலே எங்களுக்கு வந்தது. கம்பம் ஒரே இழுப்பில் வேகம் குறைந்தது. கம்பம்தான் குறைந்தது. சங்கிலியில் தொங்கிய நாங்கள் பழைய வேகத்திலேயே முன்னால் பாய்ந்தோம். மாப்பிள்ளையின் இருக்கை முன்னால் போய், எதிலோ மோதி, பின்னால் எங்களை நோக்கி வந்தது. நாங்கள் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். அவர் தலையின் பின்பக்கம், கலைந்த முடி, பெரிதாகப் பெரிதாக வந்தது. சித்தி செருப்பில்லாத காலை நீட்டி, அந்த இருக்கையின் இரும்பில் உதைத்து நிறுத்தினாள்.

எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சுள்ளி ஒடிக்கிற மாதிரிச் சின்னச் சத்தம். சித்தி, "ஸ்" என்றாள், அவ்வளவுதான்.

மறுபடி முன்னால் பாய்ந்திருப்போம். அதற்குள் ராட்டினக்காரரின் மனைவி கழியிடம் வந்துவிட்டாள். வேப்பங்குச்சியால் ஆண்களின் கையில் மாறி மாறி அடித்தாள். அப்பாவின் கையிலும் அடி விழுந்தது.

"கைய எடுங்க. எடுங்கங்கிறேன். மேல இருக்கிற புள்ளைகளக் கொன்னுபுடாதீக."

ஒரு பொம்பளையிடம் அடி வாங்கிய அதிர்ச்சியில்தான் அவர்கள் கையை எடுத்திருப்பார்கள். அவள் தனியாக அந்தக் கழியைக் கொஞ்சம் அமுக்கி, விட்டு, கொஞ்சம் அமுக்கி, விட்டு நின்றாள். கோடுகள் மெல்ல மெல்ல மறுபடி மனிதர்களாயின. அம்மாவின் முகம் வந்து போவதற்கு நடுவில் ஒரு மூச்சு விட முடிந்தது, அப்புறம் இரண்டு. அவள் கையாட்டவில்லை. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

தரையில் என்னை இறக்கியபோது நிற்க முடியாமல் விழுந்தேன். தரை சுற்றியது. இரண்டு கையாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். பிடியை விட்டால் மண்ணோடு சேர்த்து ஆற்றுக்குள் எறியப்பட்டுவிடுவேன் என்று பயம். அப்படிப் படுத்தபடிதான் மற்றதைப் பார்த்தேன். ராட்டினக்காரரை ஆண்கள் அடித்தார்கள். அப்பா அடித்தார். அடி வாங்கியவர் மண்ணில் உட்கார்ந்து உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை இறங்கினார். சட்டை முழுக்க வாந்தி. முகம் வீங்கிச் சிவந்திருந்தது, அழுகை இன்னும் நிற்கவில்லை. அவருடைய அம்மா ஓடிவந்து தன் முந்தானையால் அவர் முகத்தை மூடி, ஒரு பிணத்தைக் கொண்டுபோவது போல, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கூட்டத்துக்குள் அழைத்துப் போய்விட்டாள்.

சித்தி அவர்கள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் அதற்குள் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

அந்தக் கோடை முழுவதும் எனக்குச் சுற்றுகிற எதுவும் ஆகாது. கிணற்று உருளை, மாட்டுவண்டிச் சக்கரம், ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டும்போது சுழலும் குழவி. பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் பம்ப்செட் போட்டால் வீட்டுக்குள் ஓடிப் போர்வையை மூடிக்கொள்வேன். அந்தச் சத்தம் எந்த நிமிடமும் மேலே ஏறிவிடும் என்று காது காத்துக்கொண்டே இருக்கும். அம்மா குறி சொல்கிற கோடாங்கியிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டினாள். இரவில் அம்மா பக்கத்தில் படுத்தாலும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன்.

இன்னொரு பயம் அதைவிடப் பெரியது. திருவிழா முடிந்து வாரம் ஒன்று ஆகியிருக்கும், தரகர் வந்து நின்றபடியே சொன்னார்.

"சாதகம் சரியா அமையலையாம். தப்பா நெனச்சுக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாக."

அவர் போனதும் அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்தாள்.

"மேல வச்சு சித்தி மயங்குனாளா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத. அவுகளுக்குத் தெரிஞ்சுபோச்சு. இல்லாட்டி எதுக்குடி வேண்டாம்கிறாக? நீ என்னமும் சொன்னியா?"

"சித்தி மயங்கவே இல்லம்மா. அவுகதான் அழுதாக."

"யாரு?"

"மாப்பிள்ள."

அம்மா என்னை நம்பவில்லை. ஆம்பிளை அழுதார் என்று கதை கட்டுகிறாள் பார் என்று முதுகில் ஓர் அறை விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்த சித்திக்கு இது கேட்டிருக்கும். சுவர் அப்படிப்பட்ட சுவர். அவள் கூப்பிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவள் முழங்கைக்கு மேலே வரிசையாகக் கன்றிப்போன புள்ளிகள். நான் கிள்ளியவை. சேலையை இழுத்து மூடிக்கொண்டு, "வலிக்கலடி" என்றாள்.

அடுத்த தை மாதம் போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தவருக்குச் சித்தியைக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர்தான். குடியில்லை, அடியில்லை. அதிகம் பேசமாட்டார், பக்கத்தில் யாரும் அதிகம் பேசுவதும் பிடிக்காது. சித்தி கொஞ்சம் காலை இழுத்து நடப்பாள். அப்பா சாகும்வரை, தானும் நாலு பேரும் சேர்ந்து அமுக்கி ராட்டினத்தை நிறுத்திய கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். சித்தியின் கால் எதனால் முறிந்தது என்று நான் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் அவரைத் திருத்தவில்லை. காப்பாற்றிவிட்டோம் என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்து பல வருடம் ஆன பிறகு, ஒரு நாள் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். முன்னந்தலை வழுக்கை. பேச்சுவாக்கில் என் ஊரைக் கேட்டார், அப்பா பெயரைக் கேட்டார். அப்புறம் மகளை வெளியே போய் நிற்கச் சொன்னார்.

"உங்க சித்தி கால் சரியாப் போச்சா டீச்சர்?"

யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கொஞ்சம் தாங்கித்தான் நடப்பாக" என்றேன்.

தலையை ஆட்டினார். "அவுக கால நீட்டலைன்னா என் மண்டை போயிருக்கும். வந்து பாக்கணும்னு நெனச்சேன். எங்கம்மாதான், ஒரு பொண்ணு முன்னால அப்படி அழுதவன் அவளோட எப்படிக் குடும்பம் நடத்துவ, காலம் பூரா சொல்லிக் காட்டுவாளேன்னாக. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. மூஞ்சியில முழிக்க வெக்கம்."

நாங்கள் அவர்களுக்கு ரகசியம் தெரிந்துவிட்டதென்று ஒடுங்கிக் கிடந்தோம். அவர்கள் எங்களுக்கு அவருடைய அழுகை தெரிந்துவிட்டதென்று ஒடுங்கிக் கிடந்திருக்கிறார்கள். அவரிடம் சித்தியின் மயக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒன்றும் தெரியாதவராகப் பார்த்தார். அவர்கள் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போடிக்குப் போனேன். சித்தப்பா கடைக்குப் போயிருந்தார். சித்தி முறத்தில் ஏலக்காயைப் பரப்பி, வெடித்ததையும் வெளிறினதையும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க அந்த வாசம். நடந்ததைச் சொன்னேன். அவள் கை நிற்காமல் பொறுக்கிக்கொண்டிருந்தது. அவர் அம்மா சொன்னதைச் சொன்னபோது மட்டும் நின்றது.

"சொல்லிக் காட்டுவேன்னா நெனச்சாக?" என்றாள்.

"ஆமா சித்தி."

"மேல வச்சு எனக்கும் உசுரு போயிருச்சுடி. வாயத் தொறந்து கத்தணும்போல இருந்துச்சு. எனக்கு வரல. சின்னதுலருந்து பயம்னா வாய மூடிக்கிட்டே பழகிட்டேன். அவுக என்னன்னா நமக்கு முன்னாடியே அம்புட்டுச் சத்தமா அழுகுறாக." முறத்தை ஒரு தட்டுத் தட்டிச் சமப்படுத்தினாள். "இவுககிட்டன்னா பயமா இருக்குன்னு சொல்லலாம்டி. கோவிச்சுக்கிட மாட்டாக. அப்படின்னு அங்கனயே, சுத்திக்கிட்டு இருக்கும்போதே தோணிருச்சு. எறங்குனதும் அக்காகிட்ட எனக்குச் சம்மதம்னு சொல்லணும்னு இருந்தேன்."

"அப்புறம் ஏன் சித்தி சொல்லல?"

சித்தி ஒரு வெளிறிய காயை எடுத்துத் தனியே போட்டாள்.

"என்னய யாரும் கேக்கலயேடி" என்றாள்.